பதில் சொல்லாத தலைவர்: கடற்கரைக் குழுக்களிலும் சங்கங்களிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபத்திலிருந்து தொண்டி வரைக்கும், இந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி வரைக்கும் மகளிர் குழுக்களுக்கும் மீனவர் சங்கங்களுக்கும் கணக்கு எழுதப் பழக்கிக் கொடுப்பது என் வேலை. வகுப்பில் கணக்கைப் பற்றி யாரும் அதிகம் கேட்பதில்லை. வகுப்பு முடிந்து டீ குடிக்கும்போது ஓரமாக வந்து கேட்பதுதான் நிறைய. குழு ஊக்குநர், சங்கத் தலைவர், விசைப்படகு உரிமையாளர், ஐஸ் கம்பெனி மேனேஜர், கருவாட்டு வாடி நடத்துபவர் என்று ஆள்தான் மாறுகிறார், சந்தேகம் ஒன்றுதான். செய்ய வேண்டியது தெரிகிறது, செய்யாமலே நாள் போகிறது. அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

"காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு ராத்திரி வரைக்கும் ஓடுறேன். என்னைப் போய் தள்ளிப்போடுறேன்னு சொல்றாங்களே, நியாயமா?"

நீங்கள் ஓடுவது நிஜம்தான். ஆனால் வலை கட்டுபவர் வேலையைத் தள்ளிப்போட்டால் கிழிந்த வலை கரையில் கிடக்கும், எல்லோருக்கும் தெரியும். தலைவர் தள்ளிப்போடுவது பெரும்பாலும் ஒரு பதில், ஒரு கையெழுத்து, ஒரு பேச்சு. அது யார் கண்ணுக்கும் தெரியாது. இன்ஜினை இந்த வருடம் மாற்றுகிறோமா? பழைய வியாபாரிக்கே மீன் கொடுக்கிறோமா? ஐஸ் பாக்கியை யார் போய்க் கேட்பது? ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லக் கால் மணி நேரம் போதும். ஆனால் மாதக்கணக்கில் தொங்கும்.

அந்தப் பதிலுக்காகக் கீழே நாலைந்து பேர் நிற்பார்கள். அவர்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், நீங்கள் தலைவர் என்பதால். ஆகவே சோம்பேறி என்று உங்களை யாரும் சொல்லவில்லை. "அவரிடம் சொன்னால் நகராது" என்றுதான் சொல்கிறார்கள். இரண்டாவது இன்னும் மோசம் என்பது என் எண்ணம்.

"சரி, எதைத் தள்ளிப்போடுறேன்னு எனக்கே எப்படித் தெரியும்?"

வேலைகளைப் பட்டியல் போடாதீர்கள். போட்டால் ஐம்பது வரும், பட்டியலே பயமுறுத்தும். அதற்குப் பதிலாக ஆட்களை எழுதுங்கள்: என்னிடமிருந்து ஏதோ ஒன்றுக்காக இன்றைக்கு யார் யார் காத்திருக்கிறார்கள்? டிரைவர், ஐஸ் கம்பெனிக்காரர், குழுவின் பிரதிநிதி, வங்கி மேனேஜர், வலைக்கடைக்காரர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் எந்தப் பதிலுக்காக நிற்கிறார் என்று ஒரே வரி. அடையாளம் கண்டுபிடிக்க இன்னொரு வழியும் உண்டு. யாருடைய போன் வந்தால் "அப்புறம் பேசிக்கலாம்" என்று சைலன்ட்டில் போடுகிறீர்களோ, யாரைப் பார்த்தால் படகுத்துறையில் வேறு பக்கம் நடக்கிறீர்களோ, அவர் பெயர்தான் முதலில் வர வேண்டும்.

"எனக்குச் செய்யத் தெரியாம இல்ல. அதை நினைச்சாலே வயித்தைப் பிசையுது. அதான் நாள் போகுது."

இதுதான் உண்மையான காரணம். இவ்வளவு நேர்மையாகச் சொல்பவர்கள் குறைவு. தள்ளிப்போடுவது நேரத்தைச் சரியாகப் பயன்படுத்தத் தெரியாததால் வருவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஃபூஷியா சிரோவா, திமோத்தி பிச்சில் என்ற உளவியலாளர்கள் 2013இல் வேறு மாதிரி எழுதினார்கள்: ஒரு வேலை தரும் பயம், சலிப்பு, வெட்கம் போன்ற கெட்ட உணர்விலிருந்து அந்த நேரத்துக்குத் தப்பிக்கத்தான் மனிதர் தள்ளிப்போடுகிறார், தப்பித்ததற்கான விலையைப் பிற்பாடு அவரேதான் கட்டுகிறார். அதனால்தான் புது டைரி வாங்கினாலும், போனில் அலாரம் வைத்தாலும் பெரிய மாற்றம் வருவதில்லை. அலாரத்தை அணைப்பதும் அதே கைதான்.

பயம் போன பிறகு செய்யலாம் என்று காத்திருந்தால், அலை எப்போது ஓய்வது, தலை எப்போது முழுகுவது என்ற கதைதான். பயத்தோடேயே செய்யக்கூடிய அளவுக்கு முதல் அடியைச் சின்னதாக்குங்கள். வங்கிக்குப் போய்ப் பேசுவது பெரிய அடி. பாஸ்புக்கை எடுத்துப் பையில் வைப்பது சின்ன அடி. பேங்க் மேனேஜருக்குப் போன் போட்டு "செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு வரலாமா?" என்று கேட்பது அடுத்தது. கேட்டாகிவிட்டால் திரும்புவது கொஞ்சம் கஷ்டம். அந்தக் கஷ்டம் உங்களுக்கு உதவட்டும்.

"கடைசி நேரத்துலதான் எனக்கு வேகமே வரும். அப்படித்தான் இத்தனை வருஷமா ஓட்டியிருக்கேன். அதுல என்ன குறை?"

நீங்கள் ஒண்டியாள் என்றால் ஒரு குறையும் இல்லை. தலைவரின் கடைசி நேரம் மற்றவர்களுக்கும் கடைசி நேரம் ஆகிவிடுகிறது. தடைக்காலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள், விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. முன்னே 45 நாளாக இருந்தது. படகைக் கரையேற்றி, பலகை மாற்றி, கலப்பத்து அடித்து (பலகை இடுக்குகளை அடைத்து), பெயின்ட் பூசி, இன்ஜினைப் பிரித்துப் பார்க்க 61 நாள் தாராளம் என்று ஏப்ரலில் தோன்றும். மே கடைசியில் பாருங்கள். எல்லா உரிமையாளரும் ஒரே ஆசாரியைத் தேடுவார்கள், ஒரே மெக்கானிக்கைத் தேடுவார்கள். கூலி ஏறும். அவசரத்தில் அடித்த ஆணி ஆகஸ்டில் தண்ணீர் காட்டும். படகில் போகிறவர் நீங்கள் இல்லை, டிரைவரும் கடற்கூலிகளும்தான்.

இது நம் ஊர்க் குணம் மட்டுமில்லை. டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1979இலேயே எழுதியது: மனிதர் தன் வேலைக்கு எவ்வளவு நாள் பிடிக்கும் என்பதைக் குறைத்தே மதிப்பிடுகிறார், போன தடவை அதே வேலை எவ்வளவு இழுத்தது என்று தெரிந்திருந்தும். மருந்து சாதாரணமானது. இந்த வருடத்துக்கு எவ்வளவு நாள் ஆகும் என்று யோசிக்காதீர்கள். போன வருடம் எவ்வளவு ஆனது என்று பழைய ரசீதுகளைப் பாருங்கள். அதுதான் கணக்கு. ஆசாரியிடம் மார்ச்சிலேயே நாள் குறித்து முன்பணம் கொடுத்துவிடுங்கள். தடைக்காலத்தில் மீன்வளத்துறை படகுகளை ஆய்வு செய்ய வரும் நாளையும் அதே காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்குப் படகு பாதி பிரித்தபடி கிடந்தால் மானிய டீசலுக்கு அலைய வேண்டியிருக்கும்.

"கடல் தொழில்ல பொறுமை வேணும்னு எங்க அப்பா சொல்வாரு. அவசரப்பட்டு முடிவெடுத்தா உசுருக்கே ஆபத்து. பொறுத்திருக்கிறதும் தள்ளிப்போடுறதும் ஒண்ணா?"

அப்பா சொன்னது சரி. இரண்டும் ஒன்றில்லை. பிரித்துப் பார்க்க ஒரே கேள்வி போதும்: எதற்காகக் காத்திருக்கிறோம், அது நடந்தது என்று யார் சொல்வார்?

சூறைக்காற்று எச்சரிக்கை வந்துவிட்டது, மீன்வளத்துறை அனுமதிச் சீட்டு தரவில்லை, படகுகள் எல்லாம் பாம்பனில் நங்கூரம் போட்டு நிற்கின்றன. இது காத்திருப்பது. எதற்காக என்று கடைசிக் கடற்கூலிக்கும் தெரியும், எச்சரிக்கை விலகினால் அன்றைக்கே டோக்கன் வாங்கலாம். "கொஞ்சம் போகட்டும், பார்ப்போம்" என்பது வேறு. என்ன போக வேண்டும்? எதைப் பார்க்க வேண்டும்? பதில் இல்லை என்றால் அது தள்ளிப்போடுவதுதான். "பார்ப்போம்" என்று சொல்ல நேர்ந்தால் கூடவே ஒரு கிழமையைச் சொல்லிவிடுங்கள்: "வெள்ளிக்கிழமை வரைக்கும் விலை பார்ப்போம், சனிக்கிழமை முடிவு சொல்கிறேன்." பொறுமையும் இருக்கும், கீழே நிற்பவர்களுக்கு நிம்மதியும் இருக்கும்.

"நாள் பூரா வாட்ஸ்அப்புல பதில் போட்டுக்கிட்டே இருக்கேன். பெரிய வேலை மட்டும் அப்படியே கிடக்கு."

சின்ன வேலைகள் உடனே கைதட்டு வாங்கித் தரும். ஒரு கட்டைவிரல் படம் போட்டால் முடிந்தது. பெரிய வேலைக்கு அது கிடையாது. மனம் சின்னதைத் தேடிப் போவது இயல்பு.

அதிகாலை ஏலத்திலேயே விடிகிற தொழிலில் "காலை முதல் வேலையாகச் செய்யுங்கள்" என்ற அறிவுரை உதவாது. உங்களுக்கு எந்த மணி நேரம் ஓய்ந்தது என்று பாருங்கள். ஏலம் முடிந்து, மீன் வண்டி ஏறி, சாப்பிட்டு உட்காரும் பத்து மணி பலருக்கு ஒத்துவருகிறது. கடல்பாசி எடுக்கும் குழுக்களுக்குக் கடலின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்து மாறும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் எழுதியதில் எனக்குப் பிடித்தது இதுதான்: "செய்வேன்" என்று மட்டும் தீர்மானிப்பவரைவிட, "இது நடந்தவுடன், இந்த இடத்தில், இதைச் செய்வேன்" என்று கட்டிவைப்பவர் அதிகம் செய்து முடிக்கிறார். "வண்டி கிளம்பியவுடன், சங்க ஆபீஸில் உட்கார்ந்து, இன்ஷூரன்ஸ் படிவத்தின் முதல் பக்கத்தை நிரப்புவேன்." மணி பார்க்க வேண்டாம், வண்டியைப் பார்த்தால் போதும். போன் அந்த நேரம் மேஜை டிராயரில் இருக்கட்டும்.

"கணக்கை மாசக் கடைசியில மொத்தமா எழுதிக்கிறேன். பரவாயில்லையா?"

பரவாயில்லை இல்லை. கூட்டம் நடக்கும்போதே, எல்லோர் முன்னாலும், சந்தா, உள்கடன், வட்டி மூன்றையும் எழுதி வாசித்துவிடுங்கள். மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதுவதைச் சண்டைக்குப் போட்ட அச்சாரம் என்றுதான் சொல்வேன்.

"குழுவுல கடன் வாங்கிட்டுக் கட்டாதவங்க எங்க வீட்டுக்காரரோட அக்கா. எப்படிக் கேக்குறது? மூணு மாசமா நானும் நாளைக்கு நாளைக்குன்னு இருக்கேன்."

எனக்கு வரும் கேள்விகளில் பாதி இந்த ஒரே கேள்விதான், உறவுமுறை மட்டும் மாறும். இங்கே எல்லோரும் ஒரே தெரு, ஒரே கோயில் அல்லது பள்ளிவாசல் அல்லது மாதா கோயில், ஒரே கல்யாண வீடு. கடிந்து பேசிவிட்டு நாளைக்கு முகம் பார்க்க வேண்டும். தயக்கம் நியாயமானது. ஆனால் நீங்கள் கேட்காத ஒவ்வொரு வாரமும் மற்ற உறுப்பினர்கள் ஒரு பாடம் படிக்கிறார்கள்: தலைவிக்குச் சொந்தம் என்றால் கட்ட வேண்டாம். ஐந்தாவது மாதம் கட்டிக்கொண்டிருந்தவர்களும் நிறுத்துவார்கள். இதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட ஊரில் பார்த்தாகிவிட்டது.

இன்னொருவர் மூலம் சொல்லி அனுப்பாதீர்கள். தண்ணீர்க் குழாயடியில் கேட்காதீர்கள். கூட்டத்தில் முதன்முதலாகக் கேட்காதீர்கள். வீட்டுக்குப் போங்கள், ஆண்கள் கடலுக்குப் போயிருக்கும் நேரம் நல்லது. நலம் விசாரித்துக்கொண்டே அரைமணி ஓட்டினால் கேட்காமலே திரும்பிவிடுவீர்கள். உட்கார்ந்தவுடன் சொல்லிவிடுங்கள்: "மதினி, இன்னைக்கு நான் குழு விஷயமா வந்திருக்கேன். உள்கடன்ல மூணு தவணை நிக்குது. வர்ற புதன்கிழமை எவ்வளவு கட்ட முடியும்?" அதோடு நிறுத்துங்கள். "கஷ்டமா இருந்தா பரவாயில்ல" என்று நீங்களே சேர்த்துவிட்டால் கேட்டதே வீண். அடுத்த வார்த்தையை அவர் பேசட்டும். முழுத் தவணை வேண்டாம், ஒரு தொகையும் ஒரு கிழமையும் அவர் வாயிலிருந்து வர வேண்டும். அதைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

சில சமயம் கட்ட முடியாததற்குக் காரணம் தடைக்காலம்தான். வீட்டு வருமானமே நின்றிருக்கும். அப்படியானால் குழு மார்ச் மாதமே உட்கார்ந்து, தடைக்காலத்தில் எல்லோருக்கும் அசலை நிறுத்தி வட்டி மட்டும் வாங்குவதா, தவணையைப் பாதியாக்குவதா என்று தீர்மானம் போடலாம். எல்லோருக்கும் ஒரே விதி என்றால் மதினிக்குச் சலுகை என்ற பேச்சே வராது. மே மாதம் அழுகைக்கு நடுவே எடுக்கும் முடிவைவிட இது எவ்வளவோ மேல்.

"முடிவெடுத்து அது தப்பாப் போயிட்டா ஊரே என்னைத்தான் பேசும். எடுக்காம இருந்தா யாரும் ஒண்ணும் சொல்றதில்லையே?"

சொல்லத்தான் செய்கிறார்கள், முதல் பதிலைப் பாருங்கள். ஆனால் பயத்துக்கு ஏற்ற வழி உண்டு. முடிவுகளை இரண்டாகப் பிரியுங்கள்: திருப்பிக்கொள்ளக்கூடியது, திருப்ப முடியாதது.

பாசி வளர்ப்பைப் பாருங்கள். பெப்சி பாசி என்று நாம் சொல்கிற கப்பாஃபைக்கஸ், பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி மூங்கில் மிதவையில் கட்டினால் சுமார் 45 நாளில் அறுவடைக்கு வரும். புது இடத்தில் கட்டலாமா என்று ஒரு குழு ஒரு வருடம் பேசிக்கொண்டே இருப்பதில் அர்த்தமில்லை. ஐந்து மிதவை கட்டிப் பாருங்கள். ஒன்றரை மாதத்தில் கடலே பதில் சொல்லிவிடும். ஆனால் எப்போது கட்டுகிறோம் என்று பார்க்க வேண்டும். பாக் நீரிணைப் பக்கம் வாடைக்காற்று காலத்தில் கட்டிவிட்டு மிதவை உடைந்தது என்றால் அந்தச் சோதனையில் தெரிவது ஒன்றுமில்லை. இப்படித் திருப்பிக்கொள்ளக்கூடிய முடிவுகளை அன்றைக்கே எடுங்கள்.

படகை விற்பது, வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்குவது, முன்பணம் வாங்கி ஒரே வியாபாரிக்குக் கட்டுப்படுவது ஆகியவை திருப்ப முடியாதவை. இவற்றுக்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் மேலே சொன்ன மாதிரி கிழமை குறித்து. நான் பார்த்தவரையில் நம் ஆட்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். மிதவைக்கு ஒரு வருடம் யோசிக்கிறார்கள், முன்பணத்துக்கு ஒரு டீயில் கையெழுத்துப் போடுகிறார்கள்.

"நான் சொல்லியாச்சு. கீழே இருக்கிறவன்தான் இழுக்கிறான். அவனை என்ன பண்றது?"

திட்டுவதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள்: இரண்டாவது பதிலில் எழுதச் சொன்ன பட்டியலில் அவன் பெயர் இருக்கிறதா? ஐஸ் பெட்டியைப் பழுது பார்க்கச் சொல்லிவிட்டு, எவ்வளவு வரை செலவு செய்யலாம் என்று சொல்லாமல் விட்டிருப்பீர்கள். அவன் இழுக்கவில்லை, உங்களுக்காக நிற்கிறான்.

அது இல்லை என்றால், "எப்போ முடிப்ப?" என்று கேட்காதீர்கள். "முடிச்சிடுறேன் அண்ணே" என்ற பதில்தான் வரும். "முதல்ல எங்க போற, யாரைப் பாக்குற?" என்று கேளுங்கள். பதில் திணறினால் அவனுக்கு வேலை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. அங்கேதான் உதவி வேண்டும்.

"நான் தலைவர் இல்ல, செயலாளர். தலைவர் கையெழுத்துப் போடாம வச்சிருக்கார். பெரியவர், கேக்கவும் முடியல."

பெரியவரிடம் "என்ன செய்யலாம்?" என்று திறந்த கேள்வியோடு போகாதீர்கள். யோசிக்கும் பாரத்தை மறுபடி அவர் தலையில் ஏற்றுகிறீர்கள். நீங்களே யோசித்து இரண்டு வழியோடு போங்கள்: "ஐயா, ரெண்டு கொட்டேஷன் வந்திருக்கு. எனக்கு இது சரின்னு படுது, காரணம் இது. வியாழக்கிழமைக்குள்ள சொல்லலைன்னா விலை மாறும்." பெரும்பாலானவர்கள் அந்த இடத்திலேயே தலையாட்டுவார்கள். தள்ளிப்போனால் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் முதல் பொருளாக அதை எழுதிவிடுங்கள். மரியாதைக்குக் குறைவு வராமல் விஷயத்தை மேஜைக்குக் கொண்டுவர அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

"எதையும் ஊர்க் கூட்டத்துல வச்சுத்தான் முடிவெடுப்போம். அதையும் தள்ளிப்போடுறதுன்னு சொல்வீங்களா?"

சில சமயம் ஆமாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கிராம சபை இருக்கிறது. ஊர் சேர்ந்து எடுக்க வேண்டியவை அங்கே போகட்டும். மீன் இறங்குதளம், குடிநீர், கடல் அரிப்பைத் தடுக்கும் தூண்டில் வளைவு எல்லாம் அப்படித்தான். ஆனால் உங்கள் சங்கத்தின் ஐஸ் பெட்டிக்குப் பூட்டு வாங்குவதைக்கூட "கூட்டத்தில் பேசுவோம்" என்றால், கூட்டத்தின் பின்னால் ஒளிகிறீர்கள்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கூட்டத்துக்குப் போகும் முன் உங்கள் கருத்து இன்னது என்று ஒரு காகிதத்தில் எழுத முடிகிறதா? எழுதிவிட்டுப் போனால் ஊரைக் கேட்கப் போகிறீர்கள். வெறுங்கையோடு போனால், பழி பங்கு போட ஆள் தேடுகிறீர்கள்.

"இலங்கை நேவி பிடிக்கிறான், டீசல் விலை ஏறுது, கம்பெனிக்காரன் சொல்றதுதான் விலை. எதுவும் எங்க கையில இல்ல. அப்புறம் எதை முடிவெடுக்கச் சொல்றீங்க?"

இந்தக் கேள்விக்கு முன்னால் எனக்கு எப்போதும் கொஞ்சம் கூச்சம் வரும். கரையில் உட்கார்ந்து பேசுபவனுக்கு இதில் உபதேசம் செய்யத் தகுதி குறைவு. எல்லைப் பிரச்சினையைச் சங்கத் தலைவரால் தீர்க்க முடியாது. அதைத் தள்ளிப்போட்டார் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் படகு பிடிபட்ட இரவில் என்ன தேடுகிறார்கள் என்று பார்த்திருக்கிறேன். படகுப் பதிவுச் சான்றின் நகல் எங்கே, அன்றைக்கு யார் யார் ஏறினார்கள், மாற்றாகப் போன பையனின் ஆதார் எண் என்ன, வீட்டில் யாருக்குப் போன் போடுவது. பீரோ சாவி உரிமையாளரின் மகனிடம், அவர் மதுரையில். இவை எல்லாம் கையில் இருந்த விஷயங்கள். படகு கிளம்பும் முன் ஏறியவர்கள் பெயரைச் சங்க வாட்ஸ்அப்பில் போட வேண்டும் என்று ஒரு விதி, ஆவண நகல்கள் ஒரு பையில் சங்க ஆபீஸில், மீனவர் நல வாரியப் பதிவும் காப்பீடும் நடப்பில் இருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்ப்பு. கையில் இல்லாதது பெரிதாக இருப்பதால் கையில் உள்ளதும் அதன் நிழலில் கிடந்துவிடுகிறது.

"சிலதை அப்படியே விட்டேன், ஒண்ணும் ஆகலையே?"

நல்லது. அவை செய்ய வேண்டியவையே இல்லை. ஆனால் மனதுக்குள் விட்டால் போதாது. "சங்கத்துக்குத் தனி வெப்சைட் போடப்போவதில்லை" என்று கூட்டத்தில் சொல்லி நோட்டில் அடித்துவிடுங்கள். அதற்காகக் காத்திருந்த பையன் வேறு வேலை பார்ப்பான்.

"கொஞ்ச நாளா எதையுமே தொட முடியல. தூக்கமும் இல்ல. இதுவும் அதுதானா?"

இல்லை. ஒன்றிரண்டு வேலை தள்ளிப்போவது வேறு, வாரக்கணக்கில் எல்லாமே நின்று, தூக்கம் கெட்டு, குடி கூடுவது வேறு. இந்தப் பக்கத்தில் உள்ள எதுவும் அதற்கு மருந்து ஆகாது. அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம். கடன் தொல்லையும் சேர்ந்திருந்தால் வீட்டில் ஒருவரிடமாவது தொகையைச் சொல்லிவிடுங்கள்.

"பொறுப்பையே வேற ஆள்கிட்ட கொடுத்துடலாம்னு ரெண்டு வருஷமா நினைக்கிறேன். அதையும் செய்யாம இருக்கேன்."

கொடுக்கலாம், தவறில்லை. ஊக்குநரும் பிரதிநிதியும் மாறி மாறி வரும் குழுக்கள்தான் நன்றாக நடக்கின்றன. பலர் கொடுக்காமல் இருப்பதற்குக் காரணம் பதவி ஆசை இல்லை. நோட்டு முழுதாக எழுதவில்லை, கொடுத்தால் தெரிந்துவிடும். அப்படி என்றால் முதலில் நோட்டை முடியுங்கள். தனியாக முடியாது, அடுத்து வரப்போகிறவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். எது எழுதப்படவில்லை, எந்த ரசீது இல்லை என்பதை மறைக்காமல் அவரிடமே காட்டிவிடுங்கள்.

அப்புறம் வங்கி. கையெழுத்து மாற்றத் தீர்மான நகல், புதியவரின் அடையாளச் சான்று, போட்டோ எல்லாம் வேண்டும். பழையவரும் புதியவரும் சேர்ந்தே போவது நல்லது, இல்லாவிட்டால் இரண்டு மூன்று நடை ஆகும். மாற்றம் பதிவாகும் வரை காசோலையில் உங்கள் கையெழுத்துத்தான் செல்லும், அதனால் அதுவரை போனை எடுங்கள்.